செத்த காலேஜும் நம் பிள்ளைகளும்

என் பாட்டி காலத்தில் சென்னை எழும்பூர் அருங்காட்சியகத்துக்குப் பெயர் 'செத்த காலேஜ்'. மிருகக்காட்சிசாலை 'உயிர் காலேஜ்'. வெறும் கேலி என்று நினைக்க வேண்டாம், அதற்குள் சரித்திரம் இருக்கிறது. 1851-இல் சென்னை இலக்கியச் சங்கம் தந்த 1,100 பாறை மாதிரிகளோடு அருங்காட்சியகம் தொடங்கியதே புனித ஜார்ஜ் கோட்டைக் கல்லூரிக் கட்டடத்தில்தான். 1854-இல் எழும்பூருக்குக் குடிபோயிற்று. பொறுப்பாளர் எட்வர்ட் பால்ஃபர் ஒரு மருத்துவர். உயிருள்ள மிருகம் இருந்தால் ஜனம் வரும் என்று புரிந்துகொண்டவர். 1855-இல் அதே வளாகத்தில் விலங்குகளும் வந்தன. 1863-இல் அவை மக்கள் பூங்காவுக்குப் போயின, 1985-இல் வண்டலூருக்கு. உயிர் போக, எழும்பூரில் கல்லும் செம்பும் மிஞ்சின.

அந்தச் செம்புக்கு உயிர் கொடுப்பது காட்சி அமைப்பவர் கையில் இருக்கிறது. திருவாலங்காட்டு நடராசரை எடுத்துக்கொள்ளுங்கள். பெயர், உலோகம், நூற்றாண்டு என்று பலகை எழுதிவிடலாம். மும்பையிலே பிறந்து வளர்ந்த பிள்ளைக்கு அது என்ன சொல்லும்? ஊர்க் கோயிலில் பட்டும் பூமாலையும் மூடி, முகம் மட்டும் தெரிகிற சாமியை அது பார்த்திருக்கலாம். இங்கே அலங்காரம் எதுவும் இல்லை. தூக்கிய கால் முழுசாகத் தெரிகிறது. "சாமிக்கு ஏன் டிரஸ் இல்லை?" என்று பசங்க கேட்பது நியாயமான கேள்வி. உற்சவ மூர்த்திகளின் பீடத்தைக் குனிந்து பார்க்கச் சொல்ல வேண்டும். கழி செருகத் துளையோ வளையமோ இருக்கும். கோயிலுக்குள் வர முடியாதவர்களையும் தேடி இந்தச் சாமி தெருவுக்கு வந்தார் என்பதற்கு அந்தத் துளையே சாட்சி. பலகையில் முதல் வரியாக அதைத்தான் எழுத வேண்டும் என்பேன்.

நம் மும்பையிலும் இந்த யோசனை வந்திருக்கிறது. 1922-இல் பொதுமக்களுக்குத் திறந்த பழைய பிரின்ஸ் ஆஃப் வேல்ஸ் மியூசியம், இன்றைய சத்ரபதி சிவாஜி மகாராஜ் வஸ்து சங்கிரகாலயம், 2015-இல் பஸ்ஸிலே காட்சிப் பொருள்களை ஏற்றிப் பள்ளிகளுக்கு அனுப்பத் தொடங்கியது. 2019-இல் சிறுவர் மியூசியம் திறந்தபோது பொருள்களைத் தேர்ந்து காட்சி அமைக்கும் வேலையைப் பிள்ளைகளிடமே கொடுத்தார்கள். பெரியவர்கள் ஒதுங்கி நின்றது எனக்குப் பிடித்திருந்தது.

அதைப் பார்த்துத்தான் நம் சங்கத்துப் பொங்கல் விழாவில் இரண்டு மேசை போட்டோம். வீட்டுக்கு ஒரு பழைய சாமான். தாத்தா பாட்டியிடம் கேட்டுப் பிள்ளைகளே அட்டை எழுத வேண்டும். படி, பல்லாங்குழி, வெற்றிலைச் செல்லம், அஞ்சறைப் பெட்டி எல்லாம் வந்தன. ஒரு சிறுமி பித்தளைக் கூஜா கொண்டுவந்தாள். அட்டையில் தமிழை நாகரி எழுத்தில் எழுதியிருந்தாள். "தமிழ்ச் சங்கத்தில் இதை எப்படி வைப்பது?" என்று ஒரு பெரியவர் முகம் சுளித்தார். நான் எடுக்க விடவில்லை. அவள் எழுதியிருந்தது இதுதான்: "கொள்ளுப்பாட்டி தாதர் ஸ்டேஷனில் இறங்கும்போது கையில் இருந்தது. உள்ளே ஊர்க் கிணத்துத் தண்ணி. மூணு நாள் யாரையும் குடிக்க விடலையாம்."

மூடியைத் திறந்து பார்க்க அன்று பிள்ளைகள் வரிசை கட்டி நின்றார்கள்.