எழுத்து ஒன்றுபட்ட வரலாறு



1998ஆம் ஆண்டில் ஒருநாள் சைதாப்பேட்டைக் கடைத்தெருவில் இருந்த இணைய நிலையமொன்றுக்குச் சென்றேன். சிங்கப்பூரில் பணிபுரிந்த என் பழைய மாணவர் தமிழில் மடல் விடுத்திருந்தார். திரையில் தோன்றியவையோ பொருளற்ற குறிகள். அவர் எழுதியது தமிழே. எனக்கு வந்து சேர்ந்தது தமிழன்று. இதற்குக் காரணம் யாது?

கணிப்பொறி எழுத்தை அறியாது, எண்ணையே அறியும். ஒவ்வொரு குறிக்கும் ஓர் எண் வேண்டும். அக்காலத்தில் எழுத்துரு அமைத்தோர் தத்தம் விருப்பப்படி எண்களை வழங்கினர். ஒருவருக்குக் ககரமாக இருந்த எண் மற்றொருவருக்கு மகரமாயிற்று. ஆகவே, இணையத்தில் உரையாடிய தமிழர் பலர் ஆங்கில எழுத்திலேயே தமிழை எழுத நேர்ந்தது.

இந்தியாவில் பொதுமக்களுக்கு இணையம் கிட்டியது 1995 ஆகஸ்டு 15 அன்று. அயல்நாட்டுத் தமிழரோ அதற்கு முன்னரே கணிப்பொறி வழியே கூடிப் பேசிவந்தனர். சுவிட்சர்லாந்தில் வாழ்ந்த வேதியியல் அறிஞர் கு. கல்யாணசுந்தரம் தாம் அமைத்த எழுத்துருவுக்கு 'மயிலை' என்று பெயரிட்டார். மலேசியாவில் முத்து நெடுமாறன் 'முரசு அஞ்சல்' என்னும் மென்பொருளை ஆக்கினார். சிங்கப்பூரில் நா. கோவிந்தசாமி 1997இல் தமிழ் இணைய மாநாட்டைக் கூட்டினார்.

1998 பொங்கல் நாளன்று கல்யாணசுந்தரம் 'மதுரைத் திட்டம்' தொடங்கினார். பல நாட்டுத் தமிழர் ஊதியமின்றிப் பழந்தமிழ் நூல்களைத் தட்டெழுதிப் பிழை திருத்தினர். உ. வே. சாமிநாதையர் 1887இல் சிந்தாமணியை ஏட்டிலிருந்து அச்சுக்குக் கொணர்ந்தார். இவர்கள் அச்சிலிருந்து திரைக்குக் கொணர்ந்தனர். ஆனால் எண்முறை ஒன்றுபடாவிடில் இவ்வுழைப்பும் எனக்கு வந்த மடலைப் போலவே பயனற்றுப் போயிருக்குமன்றோ!

எனவே அவர்கள் வாதிட்டுக் கூடி 'திஸ்கி' என்னும் குறியீட்டை வகுத்தனர். அதில் இருந்த 256 இடங்களில் முதற்பாதி ஆங்கிலத்துக்குரியது. எஞ்சிய 128இல் தமிழின் 247 எழுத்துகளும் அடங்கா. ஆதலின் தட்டச்சுப் பொறியிற்போலக் காலும் கொம்பும் தனிக் குறிகளாயின. 1999இல் சென்னையில் கூடிய மாநாட்டை ஒட்டித் தமிழக அரசு வேறு குறியீடுகளை ஏற்றது. ஆகவே எண்முறையில் பிளவு நீடித்தது. விசைப்பலகைக்கு மட்டும் 'தமிழ்99' என்னும் பொதுமுறை கிடைத்தது. பின்னர் உலக மொழிகளுக்கெல்லாம் பொதுவான யூனிகோடு முறை பரவிற்று. தமிழக அரசும் 2010இல் அதனை ஏற்றது.

இன்று நீங்கள் கைப்பேசியில் தமிழ் எழுதியனுப்பினால், உலகின் எம்மூலையில் இருப்பவரும் அதனைப் படிக்கலாம். இவ்வசதி தானே வந்ததன்று. தாம் அரும்பாடுபட்டு அமைத்த முறையையும் பொது நன்மைக்காக விட்டுக்கொடுக்க முன்வந்தோரால் வாய்த்தது. அறிவு ஆக்கித் தரும். ஒற்றுமையே நிலைக்கச் செய்யும்.