துறவி சுட்ட பீரங்கி

இங்கிலாந்தின் ஷ்ராப்ஷயர் மாவட்டத்தில், வடகிழக்கு மூலையில், டெர்ன் என்னும் சிற்றாற்றின் கரை மேட்டில் இருக்கிறது மார்க்கெட் ட்ரேட்டன். முதலில் வெறும் ட்ரேட்டன்தான். வாரந்தோறும் புதன்கிழமை சந்தை கூட்டிக்கொள்ள 1245-இல் மூன்றாம் ஹென்றி மன்னர் சாசனம் கொடுத்த பிறகு 'மார்க்கெட்' முன்னால் வந்து ஒட்டிக்கொண்டது. சாசனம் பெற்றது கோம்பர்மியர் மடம். பின்னால் எட்டாம் ஹென்றி மடங்களையெல்லாம் இழுத்து மூடினார், கோம்பர்மியர் மடமும் போயிற்று. சந்தை போகவில்லை. கிழமைகூட மாறவில்லை, இன்றும் புதன்கிழமைதான்.

ஊருக்குப் போகிறவர் சாலை வழியாகத்தான் போயாக வேண்டும். ரயில் 1863-இல் வந்தது. நூறே ஆண்டில், 1963-இல், பயணிகள் வண்டி நின்றுபோனது. ஷ்ரூஸ்பரியில் ரயிலை விட்டு இறங்கி, ஏ53 நெடுஞ்சாலையில் சுமார் முப்பது கிலோமீட்டர் வடகிழக்கே போனால் ஊர் வரும். அவசரமில்லாதவருக்குக் கால்வாய் உண்டு. பொறியாளர் தாமஸ் டெல்ஃபர்ட் திட்டமிட்டு, அவர் இறந்த மறு ஆண்டு, 1835-இல் திறக்கப்பட்ட கால்வாய் அது. ஊருக்குத் தெற்கே டைர்லியில் ஐந்து நீரடைப்புகள் படிக்கட்டு போல அடுத்தடுத்து நிற்கின்றன. ஒவ்வொன்றிலும் படகை நிறுத்தி, கதவை மூடி, தண்ணீரை ஏற்றியோ இறக்கியோதான் அடுத்த படிக்குப் போக முடியும். ஒரு காலத்தில் சரக்குப் படகுகளைக் குதிரைகள் இழுத்துச் சென்ற கரையோரப் பாதையில் இப்போது விடுமுறைக்காரர்கள் நடக்கிறார்கள்.

அதே ஏ53 சாலையில் ஊரைத் தாண்டி இன்னும் நான்கைந்து கிலோமீட்டர் கிழக்கே போனால் புளோர் ஹீத். சாலையிலிருந்து பார்த்தால் புல்வெளி, வேலி, சரிவில் ஒரு சின்ன ஓடை. 1459 செப்டம்பர் 23 அன்று ரோஜாப் போர்களின் தொடக்க காலச் சண்டைகளில் மிக மோசமான ஒன்று இந்த ஓடையின் கரையில்தான் நடந்தது. இங்கிலாந்தின் முடிக்காக வெள்ளை ரோஜாச் சின்னத்து யார்க் குடும்பமும் சிவப்பு ரோஜாச் சின்னத்து லங்காஸ்டர் குடும்பமும் நடத்திய போர்கள் அவை. நேரே களத்துக்குப் போய்விடலாம்.

யார்க் கட்சியைச் சேர்ந்த சாலிஸ்பரி பிரபு வடக்கே மிடில்ஹாம் கோட்டையிலிருந்து புறப்பட்டு, லட்லோவில் காத்திருந்த யார்க் கோமகனுடன் சேரப் போய்க்கொண்டிருந்தார். கூட இருந்தவர்கள் ஐயாயிரம் பேர் அளவில். வழியை மறித்து நின்றவர், லங்காஸ்டர் மன்னர் ஆறாம் ஹென்றியின் மனைவியான அரசி மார்கரெட்டின் கட்சிக்காரர் ஆட்லி பிரபு. அவரிடம் ஏறத்தாழ இரண்டு மடங்கு ஆள். நடுவில் ஹெம்ப்மில் ஓடை, இரு பக்கமும் செங்குத்தான கரை. எந்தப் பக்கம் முதலில் இறங்குகிறதோ அந்தப் பக்கம்தான் சாகும். இது இருவருக்கும் தெரியும். ஆகவே சமாதானத் தூது நடந்தது, பலிக்கவில்லை.

அப்போது சாலிஸ்பரி தம் படையின் நடுப்பகுதியைப் பின்வாங்கச் செய்தார், ஓடுவது போல. எதிரி பயந்துவிட்டான் என்று நினைத்த ஆட்லியின் குதிரைப்படை சரிவில் பாய்ந்து ஓடைக்குள் இறங்கியது. இறங்கிய குதிரைகள் எதிர்க்கரை ஏறத் திணறிய நேரத்தில், பின்வாங்கிய படை திரும்பி நின்றது. வில்லாளிகளுக்கு அதைவிட வசதியான குறி கிடைக்காது. முதல் பாய்ச்சல் அப்படி அழிந்த பிறகும் ஆட்லி இரண்டாவதாகப் பாய்ந்தார். அதில் அவரே விழுந்தார். ஆட்லியைக் கோழை என்று யாரும் சொல்ல முடியாது. ஒரே பள்ளத்தில் இரண்டு முறை இறங்கிய தளபதிக்கு வேறு பெயர் உண்டு. மூன்றாவது முயற்சி காலாட்படையுடையது. அதன் நடுவே அரசி பக்கத்து வீரர் ஐந்நூறு பேர் அப்படியே கட்சி மாறி சொந்தப் படையையே தாக்கினார்கள். மாலைக்குள் எல்லாம் முடிந்தது. தோற்ற பக்கத்தில் மட்டும் இரண்டாயிரம் பேர் செத்தார்கள் என்பது வழக்கமான கணக்கு. ஓடை மூன்று நாள் சிவப்பாக ஓடியது என்று ஊரில் சொல்வார்கள். ஆட்லி விழுந்ததாகச் சொல்லப்படும் இடத்தில் ஒரு கற்சிலுவை நிற்கிறது.

வென்றவர் நிலைமையும் சரியில்லை. பத்து மைல் தூரத்தில் எக்கிள்ஷல்லில் அரசியின் இன்னொரு படை இருந்தது. இருட்டில் அது வந்து சேர்ந்தால் களைத்துப்போன ஐயாயிரம் பேரும் தொலைந்தார்கள். இங்கேதான் இந்தப் போரின் உண்மையான நாயகன் வருகிறார்: பெயர் தெரியாத ஓர் அகஸ்டின் சபைத் துறவி. சாலிஸ்பரியின் படை ஓசைப்படாமல் மார்க்கெட் ட்ரேட்டன் பக்கம் நகர, துறவி மட்டும் களத்தில் தங்கி இரவு முழுக்கப் பீரங்கி சுட்டுக்கொண்டிருந்தார். யார்க் படை இன்னும் அங்கேயே நிற்கிறது என்று எதிரி நம்ப வேண்டும்; அவ்வளவுதான் வேலை. விடிந்ததும் அரச படையினர் வந்து பார்த்தபோது அங்கே பிணங்களும் ஒரு துறவியும்தான். அக்காலத்து லண்டன் வரலாற்றேடு ஒன்று இதைப் பதிந்திருக்கிறது. பிரபுக்களின் சமாதிகள் ஊருக்கு ஊர் உண்டு. இவருக்கு ஒரு கல்கூட இல்லை.

துறவியைவிட ஊரார் அதிகம் கொண்டாடுவது ஒரு கொல்லரை. அருகிலுள்ள மக்கிள்ஸ்டன் தேவாலயக் கோபுரத்தின் மேல் நின்று அரசி மார்கரெட் தம் படை தோற்பதைப் பார்த்தாராம். குளம்படியைப் பார்த்து எதிரி பின்தொடராமல் இருக்க, ஸ்கெல்ஹார்ன் என்ற கொல்லர் அவருடைய குதிரைக்கு லாடத்தைத் திருப்பி அடித்துக் கொடுத்தாராம். அந்தக் கொல்லரின் பட்டடை என்று ஒன்றைத் தேவாலய வளாகத்தில் இன்றும் காட்டுகிறார்கள். நான்கு கால் லாடத்தையும் கழற்றி, திருப்பி, மறுபடி அடித்து முடிக்கும் நேரத்தில் அரசி எக்கிள்ஷல்லுக்கே போய்ச் சேர்ந்திருக்கலாம். கதை அழகானது, நம்பத்தக்கதல்ல. ஆனால் ஒன்று சொல்ல வேண்டும். ஷேக்ஸ்பியரின் நாடகங்கள் மார்கரெட்டைக் கொடுமைக்காரியாகவே நிறுத்திவிட்டன. மனநலம் குன்றிய கணவனையும் சிறுவனான மகனையும் வைத்துக்கொண்டு முடியைக் காக்கப் போராடிய பெண் வேறு என்ன செய்திருக்க முடியும்?

சாலிஸ்பரியின் வெற்றி ஓர் இரவுகூட நிம்மதியாக நிலைக்கவில்லை. அவருடைய மகன்கள் தாமஸ், ஜான் இருவரும் மறுநாளே செஷயரில் பிடிபட்டார்கள். அடுத்த ஆண்டு டிசம்பரில் வேக்ஃபீல்டு தோல்விக்குப் பின் அவர் தலையும் போயிற்று. மார்க்கெட் ட்ரேட்டன் அருகே அவர் தங்கிய மேட்டுக்கு சாலிஸ்பரி குன்று என்ற பெயர் மட்டும் மிஞ்சியது.

பிறகு ஊரில் நடந்தவை சீக்கிரம் சொல்லக்கூடியவை. முன்பு லண்டன் மேயராக இருந்த சர் ரோலண்ட் ஹில் 1555-இல் இங்கே ஓர் இலக்கணப் பள்ளியை நிறுவினார். 1651-இல் பெருந்தீ பிடித்து ஊரில் பெரும்பகுதி எரிந்தது. மரச்சட்ட வீடுகள் என்று இன்று படமெடுக்கப்படுபவற்றில் பல அந்தத் தீக்குப் பின் கட்டப்பட்டவை. பதினெட்டாம் நூற்றாண்டின் இறுதியிலிருந்து இஞ்சி ரொட்டிக்கு ஊர் பேர் பெற்றது. அதைப் போர்ட் மதுவில் தோய்த்துத் தின்பது இவ்வூர் வழக்கம். இஞ்சியை இந்தியாவிலிருந்து கொண்டுவந்தவர், இவ்வூர்ப் பக்கம் பிறந்த கிழக்கிந்தியக் கம்பெனித் தளபதி கிளைவ் என்று சிலர் சொல்வது வெறும் கதை. அவருக்குப் பல நூறு ஆண்டுகள் முன்பே இங்கிலாந்துச் சமையலறைகளில் இஞ்சி இருந்தது.

ராபர்ட் கிளைவ் 1725 செப்டம்பர் 29 அன்று ஊருக்கு அருகே ஸ்டைச் மாளிகையில் பிறந்தார். பதின்மூன்று பிள்ளைகளில் மூத்தவர். ரோலண்ட் ஹில்லின் பள்ளியில் கொஞ்ச காலம் படித்தார். புனித மேரி தேவாலயக் கோபுரத்தில் ஏறி, மழைநீர் வடியும் கல்பூதத்தின் மேல் உட்கார்ந்து ஊரைக் கலங்கடித்தார் என்றும், பையன்களைச் சேர்த்துக்கொண்டு, ஜன்னலை உடைக்காமலிருக்கக் கடைக்காரர்களிடம் காசும் ஆப்பிளும் வாங்கினார் என்றும் சொல்வார்கள். பின்னால் இந்தியாவில் ஆற்காட்டுக் கோட்டையைப் பிடித்து, முற்றுகையைத் தாங்கி நின்று பேர் பெற்றார். 1774-இல் லண்டனில் இறந்த அவரை ஊருக்கு அருகே மோர்ட்டன் சே தேவாலயத்தில், எந்த இடம் என்று அடையாளம் வைக்காமல் புதைத்தார்கள். பணம் பிடுங்கிய பையனுக்கு அந்த முடிவு பொருத்தம்தான்.

1743 மார்ச்சில், ஆண்டுக்கு ஐந்து பவுன் சம்பளத்தில் எழுத்தராகச் சென்னைக்குக் கப்பலேறிய பையன் அவர். பிரேசில் கரையில் தரைதட்டி, 1744 ஜூனில்தான் சென்னை வந்து சேர்ந்தார்.