மலையை மீட்க ஒரு ஆட்டம்

சான் ஃபிரான்சிஸ்கோவிலிருந்து கோல்டன் கேட் பாலத்தைக் கடந்தால் மரின் கவுண்டி. அங்கே எந்தத் தெருவில் நின்றாலும் டாமல்பைஸ் மலை கண்ணில் படும். உயரம் 800 மீட்டர்கூட இல்லை. ஆனாலும் கோஸ்ட் மிவோக் பழங்குடியினர் வாழ்ந்த காலத்திலிருந்து அந்த வட்டாரத்துக்கு அதுதான் மலை. காலையில் நாயோடு நடக்கிறவர்களும் மாலையில் ஓடுகிறவர்களும் நிறைந்திருந்த அதன் பாதைகளில் 1979இல் கொலைகள் தொடங்கின. தனியாக நடந்துபோன பெண்கள் கொல்லப்பட்டார்கள். அருகிலிருக்கும் பாயிண்ட் ரேயஸ் வனப்பகுதியிலும் உடல்கள் கிடைத்தன. பாதைகளை மூடினார்கள். கொன்றவன் யாரென்று தெரியவில்லை. மலை அங்கேயே இருந்தது, மக்கள்தான் அதை இழந்திருந்தார்கள்.

இன்று உலகின் பல ஊர்களில் ஆண்டுதோறும் ஆடப்படும் ‘பிளானட்டரி டான்ஸ்’ இந்தப் பயத்திலிருந்துதான் பிறந்தது. அதைப் பெற்றெடுத்தவர் அன்னா ஹால்ப்ரின். அப்போது அவருக்கு வயது அறுபது.

அன்னா 1920இல் இல்லினாய் மாநிலத்தில் பிறந்த யூதப் பெண். தாத்தா ஹசீதிய மரபில் வந்தவர். ஜெப ஆலயத்தில் அவர் கைகளை உயர்த்திக் குதித்து ஆடித் தொழுவதைச் சிறுமி அன்னா பார்த்திருக்கிறாள். நீண்ட வெள்ளைத் தாடியோடு ஆடும் அந்தக் கிழவர்தான் கடவுள் என்றே நம்பியிருந்ததாகப் பின்னாளில் பலமுறை சொன்னார். விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தில் அவருக்கு ஆசிரியராக வாய்த்தவர் மார்கரெட் டூப்லர். உயிரியல் படித்தவர், நடனக் கலைஞர் அல்லர். எலும்புக்கூட்டைக் காட்டி மூட்டு எப்படி அசைகிறது என்று விளக்குவார். அசைவை மாணவர்களே கண்டுபிடிக்க வேண்டும். ‘என்னைப் பார்த்து ஆடு’ என்று சொல்லாத ஆசிரியரிடம் கற்றது அன்னாவின் பிற்கால வேலை எல்லாவற்றிலும் தெரிகிறது.

கணவர் லாரன்ஸ் ஹால்ப்ரின் புகழ்பெற்ற நிலவடிவமைப்பாளர். டாமல்பைஸ் மலைச்சரிவில், தங்கள் வீட்டுக்குக் கீழே மரங்களுக்கு நடுவே, மனைவிக்காக மரப்பலகை மேடை ஒன்றை அமைத்துக் கொடுத்தார். கூரையும் இல்லை, சுவரும் இல்லை. அமெரிக்க நவீன நடனத்தைப் புரட்டிப்போட்ட ட்ரிஷா பிரவுன், இவோன் ரைனர், சிமோன் ஃபோர்ட்டி ஆகியோர் அந்தப் பலகைகளில் அன்னாவிடம் பயின்றவர்கள்தாம். 1965இல் அரங்கேறிய ‘பரேட்ஸ் அண்ட் சேஞ்சஸ்’ படைப்பில் நடனக்காரர்கள் நிதானமாக ஆடை களைந்ததால் எழுந்த கூச்சலைப் பற்றிப் பக்கம் பக்கமாக எழுதியிருக்கிறார்கள். நம் கதைக்கு அதைவிட முக்கியம் 1969. லாஸ் ஏஞ்சலஸின் வாட்ஸ் பகுதி இனக்கலவரத்தில் எரிந்து ஏறக்குறைய நான்காண்டுகள் ஆகியிருந்தன. அங்கிருந்த கறுப்பின இளைஞர்களோடும் சான் ஃபிரான்சிஸ்கோவின் வெள்ளையரோடும் தனித்தனியே வேலை செய்து, பிறகு இரு குழுக்களையும் ஒரே கூடத்தில் சேர்த்தார். ‘செரிமனி ஆஃப் அஸ்’ அப்படி உருவானது. ஒருவரையொருவர் அஞ்சுகிறவர்களைச் சேர்ந்து அசையவைக்க முடியும் என்று அவர் அங்கே தெரிந்துகொண்டார்.

1972இல் நோய் வந்தது. தன்னை வரைந்து பார்க்கும் ஒரு பயிற்சியில், இடுப்புக்குள் சாம்பல் நிற உருண்டை ஒன்றை வரைந்தார். மற்ற படங்களையெல்லாம் ஆடிப் பார்ப்பவருக்கு இதை மட்டும் ஆட மனம் வரவில்லை. மருத்துவரிடம் போனார். குடற்புற்று. அறுவை சிகிச்சை நடந்தது, மூன்று ஆண்டுகளில் நோய் திரும்பியது. இந்த முறை தன் முழு உருவத்தை இளமையாக, பொலிவாக வரைந்தார். அது பொய் என்று தோன்றவே தாளைத் திருப்பி, பின்பக்கத்தில் கோபமும் பயமுமாக இன்னொரு உருவத்தைக் கருமையாக வரைந்து, குடும்பத்தாருக்கும் மாணவர்களுக்கும் முன்னால் அதை ஆடித் தீர்த்தார். நோய் அதன்பின் தலைகாட்டவில்லை. ஆட்டம்தான் புற்றைக் குணமாக்கியது என்று சொல்வோர் உண்டு. கத்திக்கும் மருந்துக்கும் உரிய பங்கைப் பறித்து ஆட்டத்துக்குக் கொடுப்பதில் எனக்கு உடன்பாடில்லை. நோய் தீர்வது வேறு, மனிதர் தேறுவது வேறு என்று அன்னாவே பிரித்துப் பேசியிருக்கிறார். ஒன்று மட்டும் நிச்சயம்: வாழ்க்கையைக் கலைக்குச் செலவிட்டவர், அதன்பின் கலையை வாழ்க்கைக்குச் செலவிடத் தொடங்கினார். 1978இல் மகள் டரியாவுடன் சேர்ந்து, நடனம் கற்பிக்கும் டமல்பா நிறுவனத்தைத் தொடங்கினார்.

இனி 1980. காலேஜ் ஆஃப் மரினில் அன்னாவும் லாரன்ஸும் ஊர்மக்களுக்கு ஒரு நீண்ட பயிலரங்கு நடத்தினார்கள். நம் காலத்துக்கென்று, இந்த ஊருக்கென்று, ஒரு பொதுச் சடங்கு சாத்தியமா என்பது அதில் எழுந்த கேள்வி. வந்தவர்கள் வரைந்த படங்களில் மீண்டும் மீண்டும் ஒன்றே வந்தது: மலை. யாரும் ஏறமுடியாத அந்த மலை. 1981 ஏப்ரலில் ‘இன் அண்ட் ஆன் தி மவுண்டன்’ நிகழ்ந்தது. முதலில் கல்லூரி அரங்கில் ஆடினார்கள். பிறகு மலைக்கே போய், கொலைகள் நடந்த பாதைகளில் கூட்டமாக நடந்தார்கள்.

அடுத்த மாதமே கொலைகாரன் பிடிபட்டான்.

இந்தக் கதையைச் சொல்லும் எல்லோரும் இங்கேதான் குரலை உயர்த்துவார்கள். ஆனால் மார்ச் மாதக் கடைசியிலேயே, அதாவது ஆட்டத்துக்கு முன்பே, சாண்டா குரூஸ் அருகே ஒரு பூங்காவில் அவன் சுட்டதில் ஓர் இளைஞர் உயிர்தப்பி அடையாளம் சொல்லியிருந்தார். அவன் ஓட்டிப்போன காரைப் பார்த்தவர்களும் இருந்தார்கள். போலீஸை அவனிடம் கொண்டுபோய்ச் சேர்க்க உதவியவை அந்தத் தடயங்கள். கைதுக்கான பெருமையை ஆட்டத்துக்குத் தருவது, குண்டடிபட்டும் பேசிய அந்த இளைஞரை மறப்பதாகும். ஆட்டம் செய்தது வேறு வேலை. அவன் வெளியில் இருக்கும்போதே, அவன் யாரென்று தெரியாதபோதே, மக்கள் அந்தப் பாதையில் கால்வைத்தார்கள். எனக்கு அதுவே போதுமானதாக இருக்கிறது.

ஒருமுறையோடு முடிந்திருக்க வேண்டிய ஆட்டம் இது. டமல்பா நிறுவனத்துக்கு விருந்தினராக வந்த மெக்சிகோவின் ஹுயிசோல் பழங்குடி மூத்தவர் டான் ஹோசே மட்சுவா, இந்த மலை புனிதமானது, அது தூய்மையடைய ஐந்தாண்டுகள் ஆடவேண்டும் என்றார். அவர் பேச்சைக் கேட்டு ஆடினார்கள். ஐந்து முடிந்தபின் நிறுத்த யாருக்கும் மனமில்லை. 1987இல் ‘பிளானட்டரி டான்ஸ்’ என்று பெயர் சூட்டி, மற்ற நாடுகளில் உள்ளவர்களையும் ஆடச் சொல்லி அழைத்தார்கள்.

இதற்கிடையே ஆட்டம் மெலிந்துகொண்டே வந்தது. 1981இல் அரங்கு இருந்தது, பார்வையாளர்கள் இருந்தார்கள், ஒத்திகை பார்த்துப் பழகியவர்கள் ஆடினார்கள். ‘எர்த் ரன்’ என்ற பகுதியாக அது வந்து நின்றபோது இவை எதுவும் மிஞ்சவில்லை. புல்வெளியின் நடுவில் முரசுக்காரர்கள். அவர்களைச் சுற்றி வட்டங்கள். ஒருவர் முன்வந்து, யாருக்காக அல்லது எதற்காக ஓடுகிறேன் என்று உரக்கச் சொல்லிவிட்டு வெளிவட்டத்தில் ஓடத் தொடங்குவார். இறந்த தம்பிக்காக, வற்றிய ஆற்றுக்காக, இன்னும் பிறக்காத பேரனுக்காக, எதுவாகவும் இருக்கலாம். ஒவ்வொருவராகச் சேர்ந்துகொள்வார்கள். மூச்சு வாங்கினால் உள்வட்டத்துக்கு வந்து நடக்கலாம். நடக்கவும் முடியாவிட்டால் முரசுகளின் அருகே நின்றபடி தாளத்தில் சேரலாம். சேர்ந்தியங்க முரசின் சீரான அடி போதும், ஸ்டெப் மனப்பாடம் செய்ய வேண்டியதில்லை. ஆறு வயதுக் குழந்தையும் எண்பது வயது மூதாட்டியும் ஒரே ஆட்டத்தில் இருக்கலாம். மற்றவர்களுக்கு இடைஞ்சலாகிறோமோ என்று இருவரும் கவலைப்பட வேண்டாம்.

பார்க்க விளையாட்டுபோல இருந்தாலும் இது கைதேர்ந்த வடிவமைப்பு. என்ன செய்ய வேண்டும் என்பதை மட்டும் எழுதி, எப்படிச் செய்வது என்பதை ஆடுபவரிடமே விடும் குறிப்பை அன்னாவும் லாரன்ஸும் ‘ஸ்கோர்’ என்பார்கள். லாரன்ஸ் 1969இல் இதைப் பற்றி ஒரு நூலே எழுதினார். அழகியல் கண்ணோடு பார்ப்பவர்களுக்கு எர்த் ரன் சலிப்பூட்டும், அதை மறுக்க மாட்டேன். ஓரத்தில் நின்று ரசிக்க அதில் ஒன்றுமில்லை. உள்ளே இறங்கிவிட வேண்டியதுதான்.

1989இல் இந்த ஆட்டத்துக்குக் கடும் சோதனை வந்தது. எய்ட்ஸ் என்றால் கை குலுக்கவே பலர் தயங்கிய காலம். எச்.ஐ.வி. தொற்றியவர்களையும் மற்றவர்களையும் சேர்த்து ‘சர்க்கிள் தி எர்த்: டான்சிங் வித் லைஃப் ஆன் தி லைன்’ நிகழ்வை அன்னா நடத்தினார். எச்.ஐ.வி. தொற்றிய ஆண்களுக்கென்று தனி வகுப்பும் எடுத்தார், ‘பாசிட்டிவ் மோஷன்’ என்ற ஆவணப்படம் அவர்களைப் பற்றியதுதான்.

2005இல், தமது எண்பத்தைந்து வயதில், மரினின் ஒரு நீர்க்கரையில் ஐம்பதுக்கும் மேற்பட்ட முதியவர்களை ஆடும் நாற்காலிகளில் உட்காரவைத்து ‘சீனியர்ஸ் ராக்கிங்’ நடத்தினார். எழுந்து நிற்க முடியாதவர் அங்கே ஆட வேண்டுமென்றால் நாற்காலியை முன்னும் பின்னும் அசைத்தால் போதும். அன்னா நூறு வயதைக் கடந்து 2021 மே மாதம் இறந்தார். பிளானட்டரி டான்ஸை அவரிடம் கற்றவர்கள் தொடர்ந்து நடத்துகிறார்கள்: விடியலில் மலையுச்சியில் சிறு சடங்கு, பிறகு சாண்டோஸ் புல்வெளியில் முரசும் ஓட்டமும்.