அங்கன்வாடியும் ஓடியாடும் நேரமும்

அங்கன்வாடி என்பது ஆறு வயதுக்கு உட்பட்ட குழந்தைகளுக்கான அரசு மையம் ஆகும். கிள்ளை, சிதம்பரம் பக்கத்து ஊர்களில் இன்றும் இதைப் 'பால்வாடி' என்று சொல்வார்கள். பால் கொடுப்பதால் வந்த பெயர் என்று நினைப்பவர்கள் உண்டு. உண்மையில் 'பால்' குழந்தையையும் 'வாடி' தோட்டத்தையும் குறிக்கும் வடநாட்டுச் சொற்கள். 'அங்கன்' என்றால் முற்றம். பெயரிலேயே ஓடியாடும் இடம் இருக்கிறது.

வரலாறு

1939இல் இந்தியா வந்த மரியா மாண்டிசோரி, சென்னை அடையாற்றில் ஆசிரியர்களுக்குப் பயிற்சி அளித்தார். குழந்தையை ஒரே இடத்தில் உட்கார வைக்காமல், எழுந்து நடந்து, பொருள்களைக் கையாண்டு கற்கவிடுவது அவர் முறை. மராட்டியத்தில் தாராபாய் மோடக், பழங்குடிக் குழந்தைகளின் குடியிருப்புக்கே மழலையர் கல்வியைக் கொண்டுசென்றார்.

ஒருங்கிணைந்த குழந்தை வளர்ச்சிப் பணிகள் திட்டம் 2-10-1975 அன்று நாடெங்கும் 33 பகுதிகளில் தொடங்கியது. தமிழ்நாட்டில் 1-7-1982 அன்று எம்.ஜி.ஆர். அரசு சத்துணவுத் திட்டத்தைத் தொடங்கியது. இரண்டு வயது முதலே குழந்தைகளுக்கு மதிய உணவு கிடைத்தது. பசியும் எடைக்குறைவும் பெருங்கவலையாக இருந்த காலம் அது. எனவே உணவும் எடையும் முதலிடம் பெற்றது நியாயமே. ஆனால் எடையைக் குறிக்கும் வளர்ச்சி அட்டையில் ஓடியாடும் நேரத்துக்கு இடமில்லை.

பின்னர் 'ஆடிப்பாடி விளையாடு பாப்பா' என்ற பாடத்திட்டம் வந்தது. 2019 சனவரியில் 2,381 மையங்களில் எல்.கே.ஜி., யு.கே.ஜி. வகுப்புகளும் தொடங்கின.

எவ்வளவு நேரம்?

உலக சுகாதார அமைப்பு 2019இல் வெளியிட்ட வழிகாட்டுதலின்படி, 3, 4 வயதுக் குழந்தைகள் நாளொன்றுக்கு 180 நிமிடமாவது உடலை இயக்க வேண்டும். அதில் 60 நிமிடமாவது மூச்சு வாங்கும் அளவுக்கு ஓட்டமும் குதிப்பும் தேவை. பகலின் பெரும்பகுதியை மையத்தில் கழிக்கும் குழந்தை, இதில் பெரும்பங்கை அங்கேதான் பெற்றாக வேண்டும்.

கிள்ளைப் பகுதி

பிச்சாவரம் அலையாத்திக் காடுகளை ஒட்டிய கிள்ளைப் பகுதியில் மீனவர், இருளர் குடியிருப்புகள் உள்ளன. 26-12-2004 ஆழிப்பேரலையில் எம்.ஜி.ஆர். திட்டு அழிந்தது; உயிர்தப்பியவர்கள் கரைப்பகுதியில் குடியமர்ந்தனர். மணல்திட்டில் பிறந்த பிள்ளைக்கு வாசலே விளையாட்டுத் திடல். வரிசை வீடுகளில் வளரும் பிள்ளைக்கு அது இல்லை. மையத்தின் முற்றம்தான் அந்தக் குறையைத் தீர்க்க வேண்டும்.

இதற்குச் செலவு அதிகமில்லை. 'குலைகுலையாய் முந்திரிக்காய்' ஆட ஒரு துணி போதும். வட்டமாக உட்காரலாம், எழலாம், துரத்தி ஓடலாம். 'கல்லா மண்ணா'வுக்கு அந்தத் துணியும் வேண்டாம். எழுத்தைப் பள்ளியில் சேர்ந்த பிறகும் கற்கலாம். ஓடிப் பழகும் வயது திரும்ப வராது.