மொகல்லா சபை (தில்லி)

ஒரு பகுதியின் வாக்காளர்கள் அனைவரும் நேரில் கூடி, தங்கள் தெருவுக்கான வேலைகளையும் அதற்குச் செலவிடும் பணத்தையும் முடிவுசெய்யும் கூட்டம். நகரத்துக்குரிய கிராம சபை. அண்ணா ஹசாரேயின் 2011 உண்ணாவிரதங்களில் முன்னின்ற அரவிந்த் கெஜ்ரிவால் 2012-இல் 'சுவராஜ்' நூலில் இதை வலியுறுத்தினார். அவ்வாண்டு நவம்பரில் தொடங்கிய ஆம் ஆத்மி கட்சியின் உயிர்நாடியான வாக்குறுதியும் இதுவே.

2013 டிசம்பர் தேர்தலில் கட்சிக்கு 70-இல் 28 இடங்கள். தமிழர்களுக்கு மலை மந்திர் முருகன் கோயிலால் பழகிப்போன ஆர்.கே.புரத்தில் அதன் வேட்பாளர் ஷாசியா இல்மி, பாஜகவின் அனில் குமார் சர்மாவிடம் 326 வாக்குகளில் தோற்றார். காங்கிரஸ் ஆதரவில் ஆட்சி அமைக்கலாமா என்று கட்சி மக்களையே கேட்டது. குறுஞ்செய்திகள் குவிந்தன, ஏறத்தாழ 280 கூட்டங்களில் மக்கள் கை தூக்கிச் சொன்னார்கள். பெரும்பான்மை சம்மதிக்கவே, கெஜ்ரிவால் முதல்வரானார். தில்லி அதுவரை காணாத காட்சி அது.

2014 ஜனவரி 11 அன்று தலைமைச் செயலகத்துக்கு வெளியே முதல்வர் மனு வாங்க உட்கார்ந்தார். கூட்டம் தடுப்புகளைத் தள்ளிக்கொண்டு நெருங்கவே, அவர் எழுந்து போய் மாடியிலிருந்து பேச வேண்டியதாயிற்று. மக்கள் பேசுவதற்கு ஒழுங்கான அமைப்பு ஏன் வேண்டும் என்பதை அந்தக் காலை காட்டியது. ஊழலை விசாரிக்கும் அமைப்புக்கான ஜன்லோக்பால் மசோதா தடைபட்டதும், பிப்ரவரி 14-இல், 49 நாள் ஆட்சியை அவர் துறந்தார். அப்போது எந்தத் தெருவிலும் கூட்டம் கூட்டப்படவில்லை. மக்களைக் கேட்காமல் விலகியதற்கு மே மாதம் மன்னிப்புக் கோரினார்.

புரட்சியை நடத்தும் தலைமை மக்களின் இடத்தில் தானே அமர்ந்துவிடும் என்று 1918-இலேயே மார்க்சியச் சிந்தனையாளர் ரோசா லுக்சம்பர்க் ருஷ்யப் போல்ஷெவிக்குகளைக் குறித்துக் கவலைப்பட்டார். 2015-இல் 67 இடங்களுடன் திரும்பிய கட்சியிலும் அந்தக் கவலைக்கு இடமிருந்தது. ஆர்.கே.புரமும் அம்முறை பிரமிளா தோக்கஸ் வழியே அதன் வசமானது. ஏப்ரலில் 11 தொகுதிகளில் மக்கள் கூடி வரவுசெலவுக்கு யோசனை சொன்னார்கள். அதற்கு முந்தைய மாதம்தான், உட்கட்சி ஜனநாயகம் கேட்ட யோகேந்திர யாதவும் பிரசாந்த் பூஷணும் தேசிய செயற்குழுவிலிருந்து நீக்கப்பட்டிருந்தனர். இரு தவணைக்கு மேல் ஒரே பதவியில் நீடிக்கக் கூடாதென்ற கட்சி விதி 2021 ஜனவரியில் திருத்தப்பட்டது. செப்டம்பரில் கெஜ்ரிவால் மூன்றாம் முறை ஒருங்கிணைப்பாளரானார்.

சபைகள் அதிகாரம் பெறாததற்கான பழி முழுவதையும் தலைமைமீது போடுவது நியாயமாகாது. தில்லியில் நிலமும் காவலும் மத்திய அரசின் கையில். ஆர்.கே.புரத்தின் அரசுக் குடியிருப்புகளைப் பராமரிப்பது மத்தியப் பொதுப்பணித் துறை. ஒழுகும் கூரைக்கு அங்கே சபை கூடித் தீர்மானம் போட்டாலும், பழுதுபார்க்க உத்தரவிடும் அதிகாரம் அதற்கு இல்லை. சபைகளுக்குச் சட்ட உரிமை தரும் சுவராஜ் மசோதா நிறைவேறவே இல்லை.