முதல் பேச்சு பதிவான நாடா

அமெரிக்காவில் மில்வாக்கி நகரத்துப் பெண்கள் கல்லூரி ஆல்வெர்னோ. கத்தோலிக்கக் கன்னியாஸ்திரிகள் தொடங்கியது. 1968இல் அதன் தலைவராக வந்த சிஸ்டர் ஜோயல் ரீட் துறைகளிடம் ஒரு கேள்வியை வைத்தார்: உங்கள் பாடத்தைப் படிக்காமல் போகும் மாணவிக்கு என்ன நஷ்டம்?

எல்லோருக்கும் பொதுவான பாடங்கள் எந்தக் கல்லூரியிலும் உண்டு. நர்ஸிங் படிக்க வந்தவளும் வரலாறு படிப்பாள். ஏன் என்று கேட்டால், பாடத்திட்டத்தில் இருக்கிறது என்பார்கள். அந்தப் பதில் ரீட்டுக்குப் போதவில்லை. ஆசிரியர்கள் மாதக்கணக்கில் உட்கார்ந்து பேசினார்கள். பாடம் முடித்தவளால் என்ன செய்ய முடிகிறது என்பதைப் பார்ப்போம் என்று முடிவாயிற்று. எடுத்துச் சொல்லுதல், பகுத்தாய்தல், பிறரோடு சேர்ந்து இயங்குதல் என எட்டுத் திறன்கள்; ஒவ்வொன்றிலும் ஆறு படிகள். முதல் நான்கு படிகளை எந்தத் துறை மாணவியும் ஏறியாக வேண்டும். இந்தத் திட்டம் 1973இல் நடைமுறைக்கு வந்தது. ஏ, பி, சி கிரேடுகள் போயின.

எப்படி அளப்பது? வழி கிடைத்தது ஒரு டெலிபோன் கம்பெனியில். ஏடி அண்ட் டி நிறுவனத்தில் மேலாளர்களைத் தேர்ந்தெடுக்க, நிஜ வேலை போன்ற சூழலில் அவர்களை இயங்கவிட்டுப் பலர் கவனித்துக் குறிப்பெடுப்பார்கள். அதையே ஆல்வெர்னோ தனக்கேற்ப மாற்றிக்கொண்டது. மில்வாக்கியில் வேலை பார்ப்பவர்களும் தன்னார்வலர்களாக வந்து மாணவிகளை மதிப்பிட்டார்கள்.

என்னை அசைத்தது வீடியோ நாடா. கல்லூரியில் சேர்ந்த புதிதிலேயே மாணவி கேமரா முன் நின்று பேச வேண்டியிருந்தது. பேசியதை அவளே போட்டுப் பார்த்து, எது சரியாக வந்தது, எங்கே தடுமாறினோம் என்று எழுதுவாள். ஆசிரியரின் குறிப்பும் அதோடு சேரும். அடுத்தடுத்த பேச்சுகளும் பதிவாகும். படிப்பு முடியும் காலத்தில் அந்த முதல் நாடாவை ஓடவிட்டால், தாளை விட்டுக் கண்ணை எடுக்காமல் பேசிய பெண்ணை, இன்று நிமிர்ந்து பேசுகிற பெண் பார்க்கலாம். தொண்ணூறு மார்க் வாங்கிய தாளில் இது தெரியாது. தன் வளர்ச்சியைத் தன் கண்ணாலேயே பார்க்கும் உரிமை எல்லா மாணவர்களுக்கும் வேண்டும்.

இந்த வளர்ச்சி நிலைக்கிறதா என்று அறிய, கல்லூரியின் ஆய்வாளர் மார்சியா மென்ட்கோவ்ஸ்கி தலைமையில் ஒரு குழு மாணவிகளை ஆண்டுக்கணக்கில் பின்தொடர்ந்தது. பட்டம் வாங்கி ஐந்தாண்டு ஆனவர்களையும் தேடிப் போய், வேலையிலும் வீட்டிலும் எதைப் பயன்படுத்துகிறீர்கள் என்று விசாரித்தது. அந்த ஆய்வு 2000இல் புத்தகமாக வந்தது.