ஒரு புல்வெளி, இரண்டு பருவங்கள்

கால்பந்திலும் கிரிக்கெட்டிலும் ஒருவரே பெயர் பெற்றால் அதைப் பிறவித் திறமை என்று வியப்பது வழக்கம். இங்கிலாந்தின் பழைய ஊர்க் கழகங்களை நினைத்துப் பார்த்தால் அந்த வியப்பு சற்றே அடங்கும். அங்கே குளிர்காலத்துக்குக் கால்பந்து, கோடைக்குக் கிரிக்கெட். இரண்டையும் ஆடும் இளைஞர்கள் பெரும்பாலும் ஒரே ஆட்களேதான்.

கால்பந்துக் கழகங்கள் பலவற்றின் தாய்வீடே கிரிக்கெட்தான். 1820இல் தோன்றிய வென்ஸ்டே கிரிக்கெட் கழகத்தார், கோடை கழிந்தபின் உறுப்பினர்கள் கலைந்துபோகாதிருக்க, 1867இல் கால்பந்துக் கழகம் கண்டார்கள். இன்றைய ஷெஃபீல்ட் வென்ஸ்டே அதுவே. அதே நகரின் பிரமால் லேன் மைதானம் 1855இல் கிரிக்கெட்டுக்காகத் திறக்கப்பட்டது. ஷெஃபீல்ட் யுனைடெட் கால்பந்து அணி அங்கே வந்தது 1889இல்தான்.

இந்தப் பின்னணியில் 1902ஆம் ஆண்டின் எஃப்.ஏ. கோப்பை இறுதியாட்டத்தைப் பார்க்க வேண்டும். ஷெஃபீல்ட் யுனைடெட்டின் கோல்கீப்பர் வில்லியம் ஃபோக், டார்பிஷயரின் பிளாக்வெல் என்னும் நிலக்கரிச் சுரங்கக் கிராமத்தில் வளர்ந்தவர். 1900இல் டார்பிஷயர் கவுண்டிக்காக நான்கு கிரிக்கெட் ஆட்டங்கள் ஆடியவர். அணித்தலைவர் எர்னஸ்ட் நீதமும் அதே கவுண்டியின் சுரங்கப் பகுதியிலிருந்து வந்தவர். 1901 முதல் 1912 வரை டார்பிஷயரின் மட்டையாளர். எதிரணியான சவுதாம்ப்டனில் நின்றவர் ஆக்ஸ்ஃபர்டில் படித்த சி.பி. ஃப்ரை. முதல் ஆட்டம் 1-1 எனச் சமனாகி, மறு ஆட்டத்தில் ஷெஃபீல்ட் 2-1 என வென்றது. அந்த ஜூலையிலேயே பிரமால் லேனில் ஆஸ்திரேலியாவுக்கு எதிரான டெஸ்ட் நடந்தபோது, ஃப்ரை இங்கிலாந்தின் மட்டையாளராக அங்கு இறங்கினார். சுரங்கத்து ஊரும் பல்கலைக்கழகமும் வேறு வேறு உலகங்கள். ஆனால் இரண்டும் ஒரே ஆட்ட நாட்காட்டியைத்தான் பின்பற்றின.

இதில் பிழைப்பும் கலந்திருந்தது. 1901 முதல் கால்பந்து வீரரின் வாரச் சம்பளத்துக்கு 4 பவுண்டு என்ற உச்சவரம்பு வந்தது. வரம்பு பின்னர் உயர்ந்தாலும் 1961 வரை நீக்கப்படவில்லை. கால்பந்து ஓய்ந்த கோடையில் கவுண்டி கிரிக்கெட் தந்த கூலி குடும்பத்துக்கு உதவியது.

உச்சவரம்பு போன பிறகும் வழக்கம் உடனே அறுந்துவிடவில்லை. 1964இல் ஜிம் ஸ்டாண்டன் வெஸ்ட் ஹாமின் கோல்கீப்பராக எஃப்.ஏ. கோப்பையை வென்றார், அதே ஆண்டு வூஸ்டர்ஷயருக்காக 64 விக்கெட்டுகளை 13.00 சராசரியில் வீழ்த்தி, கவுண்டி சாம்பியன் பட்டத்திலும் பங்கு பெற்றார். 1975 செப்டம்பர் 15 அன்று செஸ்டர்ஃபீல்டில் லெஸ்டர்ஷயர் கிரிக்கெட் அணிக்காக 51 ரன்னுடன் ஆட்டமிழக்காமல் நின்ற கிறிஸ் பால்டர்ஸ்டன், மாலையில் டான்காஸ்டர் ரோவர்ஸுக்காகக் கால்பந்து ஆடினார். மறுநாள் திரும்பி வந்து சதத்தை முடித்தார். லெஸ்டர்ஷயரின் முதல் சாம்பியன் பட்டம் அந்தக் கிரிக்கெட் ஆட்டத்தில்தான் உறுதியானது.

பின்னர் கால்பந்துப் பருவம் நீண்டு கோடையை இருபுறமும் அரித்தது. வீரரின் உடலே கழகத்தின் முதலீடாகிவிட, காயத்துக்கு அஞ்சிய கழகங்கள் இன்னொரு ஆட்டத்தை விரும்பவில்லை. திறமை குறைந்ததால் இந்த மரபு மங்கவில்லை. கோடை சுருங்கியதால் மங்கியது. ஆகவே ஃபோக்கையும் நீதத்தையும் அபூர்வப் பிறவிகளாக மட்டும் போற்றினால், இரு ஆட்டங்களுக்கும் இடம் கொடுத்த ஊர்க் கழகங்களுக்கு உரிய பங்கை மறுத்தவர்களாவோம்.